பாரதி (திரைப்படம்) – விமர்சனம்

ஞான ராஜசேகரன் இயக்கிய ‘பாரதி’ (2000) சுப்பிரமணிய பாரதியின் வாழ்க்கையைச் சொல்லும் படம். மராத்தி நடிகர் சாயாஜி ஷிண்டே பாரதியாகவும் தேவயானி செல்லம்மாவாகவும் நடித்துள்ளனர். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது.

மிகச் சிலரே கூடிய இறுதிச் சடங்கில் படம் தொடங்குகிறது. இவ்வளவு பெரிய கவிஞனுக்கு ஏன் இந்த முடிவு என்ற கேள்விக்குப் படம் பெரும்பாலும் உரையாடல் வழியாகவே பதில் தேடுகிறது. சாதியையும் பெண் விடுதலையையும் பற்றிப் பாரதி பேசும் இடங்களில் மேடைப்பேச்சின் சாயல் விழுகிறது. செல்லம்மா எதிரே நிற்கும்போதுதான் பேச்சுக்கு உயிர் வருகிறது. அவனது கனவுக்கு ஈடான நியாயம், உலைக்கு அரிசி தேடும் அவளுக்கும் இருக்கிறது.

சிந்து, கும்மி போன்ற மக்கள் மெட்டுகளை எடுத்தாண்டு, பாடல்களுக்கு ராகமும் குறித்தவர் பாரதி. அந்த உழைப்பு படத்தில் போதிய இடம் பெறவில்லை. கவிதைகள் இளையராஜாவின் இசையில் முழுமையடைந்த பாடல்களாகவே வருகின்றன. பவதாரிணிக்குத் தேசிய விருது பெற்றுத்தந்த பாடலோ மு. மேத்தா எழுதியது.

கவிஞன் உருவான விதத்தைவிட, அவனுடன் வாழ்ந்தவர்கள் கொடுத்த விலையையே படம் நன்றாகச் சொல்கிறது. செல்லம்மாவின் துயரத்தை மறைத்துப் பாரதியைத் தெய்வமாக்காததே அதன் நேர்மை.