'ஹி' என்பது யார்?

ஆங்கில இலக்கணம் படிப்பவர்கள் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவரை 'ஹி' என்பதா, 'ஷி' என்பதா, 'தே' என்பதா? இலக்கண நூல்கள் இதை நடைச் சிக்கலாகக் கருதிப் பதில் சொல்லிவிடுகின்றன. ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் சாலையில் நின்று கேட்டால் இதே கேள்வி அதிகாரம் பற்றியதாகிவிடுகிறது. இங்கே செல்போன் ஆலைகளின் அசெம்பிளி லைனில் நிற்பவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். இந்தியத் தொழிற்கூடத்தை வரையறுத்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் ஆங்கிலப் பிரதியிலோ தொழிலாளி 'ஹி'தான்.

'அதனால என்ன? ஆண்பாற் சொல் பெண்ணையும் சேர்த்துத்தான்னு 1897ஆம் வருஷப் பொதுப் பிரிவுகள் சட்டம் 13ஆம் பிரிவே சொல்லுதே' என்பார்கள் வக்கீல் நண்பர்கள். சொல்லுது. எப்போது சேர்ப்பது, எப்போது விடுவது என்பதை யார் தீர்மானிப்பது? 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு 'ஹி' என்றால் ஆணும் பெண்ணும் என்றது. 'ஹி' என்று எழுதியிருப்பதால் பெண்ணுக்குத் தண்டனை கிடையாது என்று எவரும் வாதாடிவிட முடியாது. ஆனால் சட்டம் படித்த ரெஜினா குஹா வழக்குரைஞராகப் பதிவு செய்யக் கேட்டபோது, 1916இல் கல்கத்தா உயர்நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் மறுத்தார்கள். ஆண்பாற் சொல் பெண்ணையும் குறிக்கும் என்ற விதி அப்போதும் இருந்தது. இந்த இடத்தில் மட்டும் குறிக்கவில்லை. பெண்கள் வழக்காட 1923இல் தனிச்சட்டம் வர வேண்டியிருந்தது. தண்டனைக்கு அவள் 'ஹி'க்குள் இருக்கிறாள், உரிமைக்கு வெளியே நிற்கிறாள். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா திருநர்களையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. எதற்குள்? அதே 'ஹி'க்குள்.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'பெண்' என்ற சொல் வெளிப்படையாக எங்கெல்லாம் தலைகாட்டியது என்று பார்த்தால் வேடிக்கை. ஓடும் இயந்திரத்தைத் துடைக்கக் கூடாது; மாலை 7 முதல் காலை 6 வரை வேலை செய்யக் கூடாது; குழந்தைக் காப்பகம் வேண்டும். தடை, பாதுகாப்பு, பிள்ளை - மீதியெல்லாம் 'ஹி'. இரவு வேலைத் தடையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2000இல் ரத்து செய்தது. 2006இல் நோக்கியா வந்தது. ராத்திரி ஷிப்டுக்குப் பெண் தேவைப்பட்ட காலமும் அவளது 'சமத்துவம்' அங்கீகரிக்கப்பட்ட காலமும் இப்படி அடுத்தடுத்து அமைந்தது தற்செயலாகவே இருக்கலாம். திருமணமான பெண்களை ஃபாக்ஸ்கான் ஆலை வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியது, நிறுவனம் மறுத்தது. 'கல்யாணம் ஆயிடுச்சா?' என்கிற கேள்வி 'ஹி'யிடம் கேட்கப்படுவதில்லை.

தமிழில் இந்தத் தொல்லை இல்லை, நம்மகிட்ட 'அவர்' இருக்கு என்று பெருமைப்படும் தமிழாசிரியர்கள் உண்டு. நானும் அப்படிப் படித்து வந்தவன்தான். பலர்பாலாக இருந்த 'அவர்' மரியாதை ஒருமையானது. ஆங்கிலத்தில் பன்மையான 'தே' இன்னொரு வழியாக ஒருமைக்கு வந்திருக்கிறது. ஆனால் நம் 'அவர்' பாலைக் கடந்தது சாதியையும் வர்க்கத்தையும் சுமந்துகொண்டுதான். ஆண்டை 'அவர்', கூலி 'அவன்'. முதலாளியம்மா 'அவங்க', பாத்திரம் தேய்ப்பவள் 'அவ'. சேரிக் கிழவரை ஊர்ப் பையன் 'அவன்' என்ற காலம் முற்றாக முடிந்துவிட்டதா? பால் தெரியாத இடத்தில் அல்ல, பயம் இருக்கிற இடத்தில்தான் 'அவர்' வருகிறது.

சரி, 'தொழிலாளர்' என்ற சொல்? அது இரு பாலுக்கும் பொதுதானே? 2021 டிசம்பர் 18இல், விடுதிச் சாப்பாட்டால் உடன் வேலை செய்தவர்கள் ஆஸ்பத்திரியில் கிடக்க, ஃபாக்ஸ்கான் பெண்கள் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். அது 'பெண் தொழிலாளர்' மறியல். 2024 செப்டம்பர் 9இல் தொடங்கி 37 நாள் நடந்த சாம்சங் போராட்டத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அது 'தொழிலாளர்' வேலைநிறுத்தம். 'ஆண் தொழிலாளர் வேலைநிறுத்தம்' என்று யாருக்கும் எழுதத் தோன்றவில்லை. எனக்கும்தான். அடைமொழி இல்லாமல் நிற்கிற தகுதி யாருக்கு என்பதைப் பொதுச்சொல்லே முன்கூட்டி முடிவு செய்து வைத்திருக்கிறது.

முதலாளிகளின் ஆங்கிலத்தை விடுங்கள். நம் தோழர்களின் துண்டறிக்கையில் 'தொழிலாளியும் அவனது மனைவி மக்களும்' என்றுதான் இன்றைக்கும் அச்சாகிறது. வாலாஜாபாத்திலிருந்து கம்பெனி பஸ் ஏறி ராத்திரி ஷிப்டுக்குப் போகிறவள் அந்தத் துண்டறிக்கையை வாங்கிப் படிக்கும்போது, அந்த வாக்கியத்தில் எந்தச் சொல் தானென்று எடுத்துக்கொள்வாள்?