ஆளில்லாக் காடு

சிறுவர் படம் என்ற பெயர் ஒட்டப்பட்டதும் விமர்சகர்கள் பேனாவை மூடிவைத்துவிடுவது நம்மிடையே நெடுநாளைய வழக்கம். வளர்ந்தோருக்கான படத்தில் ஒரு வசனம் பிற்போக்கானது என்றால் பக்கம் பக்கமாக வாதிடுகிறோம். பிள்ளைகள் வாய்விட்டுச் சிரிக்கும் படத்தில் என்ன சொல்லப்படுகிறது என்று கேட்பதில்லை. ஏழு வயதிலே சிரிப்போடு உள்ளே இறங்கிய கருத்தை எழுபது வயதிலும் கழற்றியெறிய முடியாதவர்கள் பலரை நாம் அறிவோம். ஆகவேதான் 2010-ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஃபர்ரி வெஞ்சன்ஸ்’ என்ற அமெரிக்க நகைச்சுவைப் படத்தை, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையாகிய படுவான்கரையில் நின்றுகொண்டு ஒருமுறை பார்த்துவிட எண்ணினோம். உரோமப் பிராணிகளின் பழிவாங்கல் என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம்.

கதை சிறியது. டான் சாண்டர்ஸ் என்பவன் ஒரு வீடமைப்பு நிறுவனத்தின் சம்பளக்காரன். சிக்காகோ நகரிலிருந்து மனைவியையும் மகனையும் கூட்டிக்கொண்டு ஒரேகன் மாநிலத்துக் காட்டோரத்தில் குடியேறுகிறான். காட்டை வெட்டி வீடுகள் கட்டும் வேலையை மேற்பார்ப்பது அவன் பொறுப்பு. ரக்கூன் என்னும் சிறு பிராணியின் தலைமையில் காட்டு விலங்குகள் அவனுக்கெதிராக அணிதிரள்கின்றன. காகம் இரவெல்லாம் கூரையைக் கொத்தி அவன் உறக்கத்தைக் கெடுக்கிறது. துர்நாற்றம் பீச்சும் ஸ்கங்க் என்ற பிராணிகள் அவன் மோட்டார் வண்டிக்குள் புகுந்துகொள்கின்றன. தற்காலிக மலசல கூடத்துக்குள் ஒளிந்தவனைக் கரடி உலுக்கி எடுக்கிறது. வீட்டார் எவரும் அவன் சொல்வதை நம்புவதில்லை. கடைசியில் அவனே மனம்மாறி விலங்குகளின் பக்கம் சேர்கிறான். காடு ஒதுக்கிடமாகிறது, அவன் அதன் காவலனாகிறான். ரோஜர் கம்பிள் நெறியாண்ட இப்படத்தில் டானாக நடித்தவர் பிரெண்டன் பிரேஸர்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுவோம். பிள்ளைகளின் அனுதாபத்தைக் கட்டட நிறுவனத்துக்கு எதிராகத் திருப்புவது சிறிய காரியமன்று. தமிழ்ப்பட உலகம் விலங்குகளை எவ்வாறு நடத்தியது என்பதை எண்ணிப்பார்த்தால் இது விளங்கும். தேவர் பிலிம்ஸ் நிறுவனத்தார் 1971-இல் ஹிந்தியில் ‘ஹாத்தி மேரே ஸாத்தி’யையும், அடுத்த ஆண்டு எம்.ஜி.ஆரை வைத்துத் தமிழில் ‘நல்ல நேர’த்தையும் தந்தார்கள். அவற்றிலே யானை கதாநாயகனின் விசுவாசமுள்ள வேலைக்காரன். எஜமானுக்காகப் பாடுபடும், கண்ணீர் விடும். யானைக்கென்று ஒரு காடு இருந்தது, அது என்னவாயிற்று என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. அமெரிக்கப் படத்து ரக்கூனோ எவருக்கும் வேலைக்காரனல்லன். தன் இருப்பிடத்தைத் தானே காக்கிறது. இவ்வளவில் இது ஒரு முன்னேற்றமே.

விழுந்தெழும்பிச் சிரிக்கவைக்கும் வகைமையையே இழிவென்று தள்ளும் பண்டிதர்களோடும் நமக்கு உடன்பாடில்லை. மந்திரவாதிகளின் போட்டியாக நடக்கும் நம் மகிடிக் கூத்திலே, மந்திரத்துக்கு ஆட்பட்டு விழுவாரும் புரளுவாரும் எழுவாருமாகக் களம் அமளிப்படும்போது ஊரே சிரித்து மகிழ்கிறது. சாப்ளினை எடுத்துக்கொள்வோம். 1936-இல் வந்த ‘மொடர்ன் டைம்ஸ்’ படத்தில் தொழிலாளிக்குச் சோறூட்ட ஓர் இயந்திரம் வருகிறது. உண்ணும் நேரத்தையும் மிச்சம் பிடிக்க முதலாளி கண்ட உபாயம் அது. இயந்திரம் கோளாறுபட்டு அவன் முகத்தில் அறைகிறது. நாம் சிரிக்கிறோம். சிரிக்கும்போதே அந்த இயந்திரம் யாருடைய இலாபத்துக்காக வந்தது என்பதும் தெரிகிறது. அடியும் அடிக்குக் காரணமும் ஒரே காட்சியில் நிற்கின்றன.

‘ஃபர்ரி வெஞ்சன்ஸ்’ படத்திலோ அடி ஓரிடத்தில் விழுகிறது. காரணம் வேறோரிடத்தில் இருக்கிறது. அடிபடுபவன் சம்பளக்காரன். கென் ஜியோங் நடித்த நீல் லைமன் என்ற மேலதிகாரி, தன் நிறுவனம் இயற்கையின் நண்பன் என்று விளம்பரம் செய்துகொண்டே, எஞ்சிய காட்டையும் அழித்து வணிக வளாகம் கட்டத் திட்டமிடுகிறான். இது கூர்மையான அவதானம், ஒத்துக்கொள்கிறோம். ஆனால் படம் அந்த இடத்தில் தங்குவதில்லை. வேலை போய்விடும் என்று அஞ்சும் நடுத்தர வர்க்கத்து மனிதனின் தலையிலேயே ஒன்றரை மணி நேரமும் அடி விழுகிறது. மேலதிகாரி தனியொரு கோமாளி வில்லனாகக் குறுகிவிடுவதால், அவன் ஒழிந்தால் காடு பிழைத்தது என்று கதையை முடித்துவிட முடிகிறது. படத்துக்குப் பணம் போட்டவர்களில் ஒருவர் சமூக நோக்குள்ள படங்களுக்கென 2004-இல் தொடங்கப்பட்ட பார்ட்டிசிப்பன்ட் மீடியா. மற்றவர் எண்ணெய்ச் செல்வத்தில் மிதக்கும் அபுதாபியின் இமேஜ்நேஷன். பணத்தின் ஊற்றை வைத்து மட்டும் கலையை எடைபோடுவது நம் முறையன்று. ஆயினும் தனிமனித மனமாற்றத்தோடு படம் நின்றுவிடுவதை இத்தகவல் ஓரளவு விளங்கவைக்கிறது.

இனிப் படுவான்கரைக்கு வருவோம். வெல்லாவெளி, பட்டிப்பளை, வவுணதீவு, செங்கலடி, கிரான் என்று வரிசையாகக் கிடக்கும் பிரதேசங்களில் காட்டுக்கும் வட்டைக்கும் இடையே மதில் ஏதுமில்லை. பெரும்போகக் கதிர் முற்றும் வேளையில் யானை வருகிறது. அறுவடை முடிந்த பின்னும் வருகிறது. வீட்டுக்குள் அடுக்கிய நெல் மூட்டையின் வாசம் அதற்குத் தெரியும். சுவரை முட்டித் தள்ளி மூட்டையை வெளியே இழுக்கும். தனியன் யானை ஒன்று ஊருக்குள் இறங்கிய இரவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கல்வீடு தேடி ஓடும் தாய்மாரிடம் விலங்குகளின் பழிவாங்கல் என்ற தலைப்பைச் சொன்னால் அவர்கள் சிரிப்பார்களா?

யானைக்கு நேர்வதும் சிரிப்புக்குரியதன்று. காய்கறிக்குள் வெடிமருந்து வைத்துக் காட்டோரத்தில் போடுகிறார்கள்; ஹக்கபட்டாஸ் என்று அதற்குப் பெயர். கடித்த யானையின் தாடை சிதறுகிறது. உண்ண முடியாமல், நீரருந்த முடியாமல், பல நாட்கள் நின்றே சாகிறது. சட்டத்துக்குப் புறம்பாக வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் பாய்ச்சியும் கொல்கிறார்கள். 2025 பெப்ரவரி 20-ஆந் திகதி, மட்டக்களப்புப் புகையிரதப் பாதையில் கல்லோயாவை அண்டிய காட்டில் வண்டி மோதி ஒரே கூட்டத்தில் ஆறு யானைகளுக்குக் குறையாமல் மாண்டன. 2023-ஆம் ஆண்டில் மாத்திரம் நாடெங்கும் 450-க்கு மேற்பட்ட யானைகளும் 150-க்கு மேற்பட்ட மனிதர்களும் இந்தப் போரில் உயிரிழந்தனர். 2011-இல் எடுத்த நாடளாவிய கணக்கெடுப்பில் காணப்பட்ட யானைகள் 5,879 என்பதை இதனோடு சேர்த்து வாசிக்க வேண்டும்.

படத்திலே எவருக்கும் காயமில்லை. மனிதன் மலையிலிருந்து உருண்டாலும் அடுத்த காட்சியில் எழுந்து நிற்கிறான். விலங்கு ஒன்றேனும் சாவதில்லை. சிறுவர் படத்தில் இரத்தம் காட்டவேண்டுமா என்று வாசகர் கேட்கலாம். பஞ்சதந்திரத்தைச் சொல்லிய கிழவர்களும் பிள்ளைகளுக்குத்தான் சொன்னார்கள். தன் கூட்டை முறித்து முட்டைகளை அழித்த யானையைப் பழிவாங்கச் சிட்டுக்குருவி மரங்கொத்தியையும் ஈயையும் தவளையையும் துணைக்கழைக்கிறது. ஈ காதில் ரீங்காரமிட, மரங்கொத்தி கண்களைக் குத்த, குருடான யானை தவளையின் குரலை நம்பித் தண்ணீர் தேடிப்போய்ப் பள்ளத்தில் விழுந்து சாகிறது. எளியவர் கூடினால் பெரியவனும் வீழ்வான் என்பதோடு, வீழ்ந்தவன் மீண்டும் எழமாட்டான் என்பதையும் அந்தக் கதை மறைக்கவில்லை. நம் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அதைக் கேட்டு உறங்கியிருக்கிறார்கள், கெட்டுப்போகவில்லை.

காயத்தை மறைத்ததைக் காட்டிலும் பெரிய குறையொன்று படத்தில் உண்டு. அந்தக் காட்டிலே ஆளில்லை. ஒருபுறம் விலங்குகள், மறுபுறம் நிறுவனம், நடுவே எவருமில்லை. ஒரேகன் காடுகளில் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்த ஆதிக்குடிகளைப் பற்றிப் படத்துக்கு நினைவே இல்லை. காடு மனிதன் கால்படாத பூங்காவாகவே பிள்ளையின் மனத்தில் பதிகிறது.

கிழக்கிலங்கையில் எந்தக் காடு அப்படி இருந்தது? வேடர் வாழ்ந்தனர். ஏறாவூர்ப் பணிக்கர்கள் வெறுங் கயிற்றோடு யானையின் பின்னே சென்று காலில் சுருக்கிட்டுப் பிடித்தனர். அந்தத் திறனைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எமர்சன் டெனன்ற் துரை வியந்து எழுதினார். பட்டிக்காரர் மாட்டோடு மாரிக்கு ஒரு பக்கமும் கோடைக்கு ஒரு பக்கமுமாகப் பெயர்ந்தனர். சேனைக்காரன் வெட்டி விதைத்து, பின்பு விட்டு விலகினான். விட்ட நிலத்தில் முளைத்த புல்லும் பற்றையும் யானைக்குத் தீனியாயின. இவர்களெல்லாம் சாதுக்கள் என்று நாம் கவிதை பாட வரவில்லை. போடியாரின் வட்டையில் கூலிக்காரன் இரவுக் காவல் இருந்து மிதிபட்டான். போடியார் வீட்டில் உறங்கினார். ஆனால் யானைகளை ஆயிரக்கணக்கில் சுட்டு வீழ்த்தியவன் காட்டோரத்து ஏழை அல்லன். மேஜர் றொஜர்ஸ் என்ற வெள்ளை அதிகாரி ஒருவனே 1,400-க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகப் பேசப்படுகிறது. 1845-இல் அவன் இடிவிழுந்து செத்தான். சாமுவேல் பேக்கர் தன் வேட்டைகளைக் கேளிக்கையாகப் புத்தகம் எழுதி விற்றான். அவர்களுக்கும் இது ஒரு வேடிக்கைதான்.

1949-இல் கல்லோயாத் திட்டம் தொடங்கிற்று. பள்ளத்தாக்கு சேனநாயக்க சமுத்திரத்தின் அடியில் போயிற்று, காடு குடியேற்றமாயிற்று, 1954-இல் நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த பகுதி கல்லோயாத் தேசிய வனமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் மகாவலித் திட்டம் வந்தது. 1983-இல் மாதுறு ஓயாத் தேசிய வனம் எழுந்தது. அதன் எல்லைக்குள் தலைமுறைகளாக வேட்டையாடிய வேடர்களுக்கு அந்தக் காடு மூடப்பட்டது. பலர் பெயர்க்கப்பட்டனர், அவர்களின் முதியவர் திசாகாமி மாத்திரம் வரமறுத்துத் தம்பானையில் இருந்துவிட்டார். காடு ஒதுக்கிடமாவதோடு அமெரிக்கப் படம் முடிகிறது. நம் நாட்டிலே தொல்லை பல தடவை அங்கேதான் தொடங்கியிருக்கிறது. வரைபடத்தில் இழுத்த கோட்டை யானை அறியாது. இலங்கையில் யானை நடமாடும் நிலப்பரப்பில் ஏறத்தாழ 70 சதவீதத்தில் மனிதரும் குடியிருக்கிறார்கள் என்று ஆய்வாளர் கண்டிருக்கிறார்கள். வனத்துக்குள்ளே யானை, வெளியே மனிதன் என்ற பங்கீடு நிலத்தில் எங்கும் நடைமுறையில் இல்லை.

மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்றரைக்காக 2023 செப்ரெம்பரில் சித்தாண்டியில் தெருவோரம் அமர்ந்த பாற்பண்ணையாளரை இங்கே நினைவுகூருகிறோம். மேய்ச்சல் நிலத்தை வெளியிலிருந்து வந்தோர் உழுது பயிரிட, மாடுகள் வெடியிலும் சுருக்கிலும் சாக, மட்டக்களப்புத் தயிரின் பெருமையைப் பாடிக்கொண்டே அதிகாரம் கண்ணை மூடிக்கொண்டது. தம் புல்லுக்கும் தம் பிராணிகளுக்குமாக அவர்கள் போராடினார்கள். ஹொலிவூட் கதையில் அவர்களுக்குப் பாத்திரம் இல்லை. அவர்கள் விலங்குமல்லர், நிறுவனமுமல்லர்.

இத்தகைய படங்களைத் தடைசெய்யவேண்டும் என்று எவரேனும் கிளம்பினால் அவரோடு நாம் சேரமாட்டோம். பிள்ளைகள் பார்க்கட்டும், கரடி மலசல கூடத்தை உலுக்கும்போது நாமும் சிரித்தோம். அதற்கு ஈடாக நம்மிடம் என்ன இருக்கிறது என்பதே கேள்வி. முற்றிலும் வெறுங்கையரல்லோம். மட்டக்களப்பு ஈந்த நாடகாசிரியர் சி. மௌனகுரு ‘தப்பி வந்த தாடி ஆடு’, ‘வேடனை உச்சிய வெள்ளைப் புறாக்கள்’ என்று சிறுவர் நாடகங்கள் எழுதினார். அவை பாடசாலை மேடைகளில் ஆடப்பட்டன. எளிய பிராணிகள் தம் புத்தியால் பிழைக்கும் மரபு அங்கே உயிரோடு இருக்கிறது. தாளமும் ஆட்டமும் நம்முடையவை. ஆனால் காவற்பரணில் விழித்திருக்கும் தகப்பனும், தாடை சிதறிய யானையும், கோடு கிழித்த அதிகாரியும் ஒரே மேடையில் ஏறும் நாடகத்தை நாம் இன்னும் கண்டிலோம். அதை எழுத அமெரிக்கா போகவேண்டியதில்லை. வெல்லாவெளியிலோ கிரானிலோ ஓர் ஆசிரியர், பிள்ளைகளை வட்டமாக இருத்தி, நேற்றிரவு யானை வந்தபோது வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டாலே முதற் காட்சி கிடைத்துவிடும். அந்தப் பிள்ளைகள் யானையைப்போல நடந்து காட்டுவார்கள், அப்பன் வெடி கொளுத்தக் கைநடுங்கியதையும் நடித்துக் காட்டுவார்கள், சிரிக்கவும் செய்வார்கள்.