கையுறைக்குள் யாருடைய கை?

இங்கிலாந்தில் வீட்டுப் பராமரிப்பிலும் முதியோர் இல்லங்களிலும் வேலை செய்பவர்களுக்காக எழுதப்படும் கதீட்டர் கையேடுகளைச் சில மாதங்களாக வாசித்துவருகிறேன். சிறுநீர்க் குழாய் பற்றிய மருத்துவக் குறிப்புகள்தானே என்று ஒதுக்காமல், பெண்ணுழைப்பு பற்றிய பிரதிகளாகவும் அவற்றை வாசிக்கலாம். அங்கே இந்த வேலையில் இருப்பவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் பெண்கள். குழாயைச் செருகுபவர் பெரும்பாலும் செவிலியர். பிறகு வாரக்கணக்கில் கழுவி, பையைக் காலிசெய்து பார்த்துக்கொள்பவர்கள் இவர்கள்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கையேடுகள் பயனுள்ளவை. பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையைத் தொடக் கூடாது. தேவையின்றி இணைப்பைப் பிரிக்கக் கூடாது. பெண்ணுக்கு முன்னிருந்து பின்னாகவே துடைக்க வேண்டும். சிறுநீர் இறங்கவில்லையென்றால் குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா, மலச்சிக்கல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எளிய வரிகள்தாம். ஆனால் அசட்டையாக இருந்தால் தொற்று ரத்தம்வரை போய் உயிரையே பறிக்கக்கூடும்.

என் சண்டை இந்த வாக்கியங்களின் எழுவாயோடு. கைகளைக் கழுவவும், கையுறை அணியவும். யார்? ஆங்கில ஏவலிலும் ஆள் இல்லை. தமிழில் பெயர்த்தால் நம் 'கழுவவும்', 'அணியவும்' செய்பவரை முழுசாக விழுங்கிவிடுகின்றன. படங்களில்கூட மணிக்கட்டோடு முடிந்துபோகும் ஒரு கையுறைக் கைதான்.

கதீட்டரின் நீளத்தைப் பாருங்கள். சுமார் 40 முதல் 45 செ.மீ. நீளமுள்ளதற்கு 'ஸ்டாண்டர்ட்' என்று பெயர். 20 முதல் 26 செ.மீ. உள்ளதற்கு 'ஃபீமேல்'. குட்டையானதை ஆணுக்குப் போட்டால் பலூன் சிறுநீர்ப்பையை எட்டாமல் வழியிலேயே ஊதிக் கிழித்துவிடும். அப்படிக் காயங்கள் நேர்ந்து, 2009இல் அந்நாட்டு நோயாளிப் பாதுகாப்பு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது. அந்த எச்சரிக்கையில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் ஆணுடலைப் பொது அளவாகவும் பெண்ணுடலைத் தனி வகையாகவும் வைக்கும் பழைய கணக்கு, ஒரு ரப்பர் குழாயின் உறைமேல்கூட அச்சாகியிருக்கிறது. நடமாடும் பெண்ணுக்குக் குட்டையானது பாவாடைக்கு வெளியே தெரியாது. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு நீளமானதே வசதியாக இருக்கலாம். அந்தப் பெண்ணுக்கு அடுத்தபடியாக இதை அறிந்தவர் தினமும் கழுவிவிடும் பணியாளர். அவரைக் கேளுங்கள் என்று நான் வாசித்த எந்தப் பக்கமும் சொல்லவில்லை.

பணியாளரின் வசதிக்காகக் கதீட்டர் போடக் கூடாது என்பது நல்ல விதி. ஆனால் 15 நிமிட வருகைகளை வகுத்தது பணியாளரா? நாளுக்கு ஐந்தாறு முறை கைபிடித்துக் கழிப்பறைக்கு அழைத்துப்போக ஆளிருந்தால் குழாயே தேவைப்படாத கிழவிகளும் இருப்பார்கள்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கனமாகத் தெரிவது வேறொரு மௌனம். ஆணுக்குக் கழுவும்போது முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவி, மறக்காமல் பழையபடி இழுத்துவிட வேண்டும்; இல்லையெனில் அது இறுகி வீங்கி ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். அவசியமான அறிவுரை. ஆனால் இதை மூடிய கதவுக்குள், தன்னந்தனியாக, ஒரு பெண் செய்கிறாள் என்பது பிரதிக்குத் தெரியாது. அந்த மனிதர் ஏதாவது அசிங்கமாகச் சொன்னால்? கையைப் பிடித்தால்? அவருடைய கண்ணியம் பற்றிப் பத்திகள் உண்டு: சம்மதம் கேட்க வேண்டும், திரையை இழுக்க வேண்டும், அவர் விரும்பும் பெயரால் அழைக்க வேண்டும். வேண்டியவைதாம், ஒரு சொல்லையும் நீக்கச் சொல்லமாட்டேன். அடுத்த பதிப்பில் இன்னும் ஒரு பக்கம் சேருங்கள்: எந்தக் கட்டத்தில் அவள் நிறுத்தலாம், யாரை அழைப்பது, அவள் வெளியேறினால் அன்றைய மீதி வேலையை யார் முடிப்பது, அந்த நேரத்துக்கான கூலி பிடிக்கப்படுமா.