அடைப்பு என்கிற சொல்

நன்னிலத்தில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால், காரணம் எதுவானாலும் ஊருக்கு அது ‘மாரடைப்பு’தான். வாய்க்கால் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல் சட்டென்று பொருந்திவிடும். மதகில் குப்பை சேர்ந்தால் கடைமடைக்குத் தண்ணீர் வராது, ரத்தக்குழாயும் அப்படித்தானே. உருவகம் நன்றாக இருப்பதாலேயே யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை.

பெரியப்பாவுக்கு மூச்சு வாங்கியபோது ஆஞ்சியோ எடுத்தார்கள். “அடைப்பு ஒண்ணும் இல்லையாம்டா தம்பி, கேஸ் ட்ரபுள்தானாம்” என்று சிரித்தபடி வீடு வந்தார். இரண்டு வருஷம் கழித்து எடுத்த எக்கோவில்தான் இதயச்சுவர் தடித்திருப்பது தெரிந்தது. கோளாறு குழாயில் இல்லை, தசையில்.

தமிழில் நான் படித்த இதயக் கட்டுரைகளில் பெரும்பாலானவை பம்ப், குழாய், கொழுப்பு என்பதோடு முடிந்துவிடுகின்றன. சுருங்கிய தசை எப்படி மறுபடி தளர்கிறது என்று அவை கேட்பதே இல்லை. இத்தனைக்கும் விஷயம் அங்கேதான் சூடுபிடிக்கிறது. மனித உடலின் ஆகப்பெரிய புரதமான டைட்டின், தசையிழைக்குள் ஸ்பிரிங் மாதிரி கிடக்கிறது. ரத்தம் நிரம்பும்போது நீள்கிறது. இழுவை மிகுந்தால் அதன் மடிப்புகள் சில அவிழும், விட்டதும் திரும்ப மடியும். ஒரே ஜீனிலிருந்து குட்டையான விறைப்பு டைட்டினும் வருகிறது, நீளமான இளகிய டைட்டினும் வருகிறது. எது எவ்வளவு என்பதைப் பொறுத்து இதயத்தின் இளக்கம் மாறும். பக்கத்திலேயே இன்னொரு புரதம், மயோசின் பைண்டிங் புரோட்டீன் சி. சுருக்கத்துக்கு அதுதான் பிரேக். பிரேக் கெட்டால் தசை தேவைக்கு மேல் இறுகும், முழுசாகத் தளராது. தளராத இதயத்தில் ரத்தம் சரியாக நிரம்பாது.

இந்த பிரேக்கின் ஜீனில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு மாறுபாடு சுமார் 4 சதவீத இந்தியர்களிடம் இருப்பதாக 2009இல் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் கட்டுரை வந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வுசெய்த தண்டபாணி, ஹைதராபாத் சிசிஎம்பியின் தங்கராஜ் உள்ளிட்டோர் எழுதியது. பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் அது நம்மிடம் வந்து சேர்ந்தது “நம்ம ஜீன்லயே இருக்கு” என்ற ஒற்றை வரியாக. நானும் ஆபீஸில், “கோட்ல ஒரு லைன் டெலீட் ஆன மாதிரி” என்று விளக்கிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். தப்பான விளக்கம். அந்த மாறுபாடு உள்ள பலர் நோயில்லாமல் வாழ்கிறார்கள். அதோடு ஒட்டிக்கொண்டு பரம்பரையாக வரும் வேறு மாறுபாடுகளுக்கே அபாயத்தில் பெரும்பங்கு என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. குழாய் உருவகம் தசையை மறைத்தது. கோட் உருவகமோ தலையெழுத்தாகவே ஆக்கிவிட்டது.

தசைநோய் என்று தெரிந்தால் ரத்த உறவுகளும் எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும். பெரியப்பா மகனிடம் போனில் சொன்னேன்.

“எனக்கெதுக்குடா? அப்பாவுக்கே அடைப்பு இல்லைன்னுதானே சொன்னாங்க” என்றார் அண்ணன்.