கட்டைவிரலுக்குத் தெரியும்

உட்கார்ந்து பார்க்காமலே பைக் சீட் வாங்குவது கரியமாணிக்கம் பக்கத்தில் சாதாரணம். பழைய ஸ்பாஞ்ச் அமுங்கி, ஒவ்வொரு வேகத்தடையிலும் அடித்தட்டு இடிக்க ஆரம்பித்ததும் வில்லியனூருக்கோ பாகூருக்கோ கிளம்ப வேண்டியதுதான். கடைச் சுவரில் ரெக்ஸின் தொங்கும். சீட் இன்னும் உருவாகியிருக்காது. அப்போது கைகொடுப்பது கட்டைவிரல். தொட்டதுமே குழைந்து அடிவரை போகிற மெத்து, கடையில் சொகுசு, திரும்பும் வழியில் ஏம்பலம் வருவதற்குள் வலி. விரலை முதலில் தடுத்து, பிறகு மெல்ல இடம்விட்டு, எடுத்ததும் நிதானமாக எழும்புகிறதே, அதை நம்பலாம். பலநிறத் துண்டுகளை ஒட்டி அழுத்திய ஃபோமைக் கண்டு சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்குப் பிடிக்கும், பொரிவிளங்காய் உருண்டை மாதிரி அழுத்தமான சரக்கு.

மீதியெல்லாம் சீட் தைப்பவரின் கண்ணில் இருக்கிறது. ஆளை ஏற இறங்கப் பார்ப்பார். “பின்னாடி வீட்டம்மாவாண்ணே, நெல்லு மூட்டையா?” என்பார். பதிலுக்கேற்ப நீளக் கத்தி சரக் சரக்கென்று ஃபோமைச் சீவும். தொடை உரசும் ஓரம் மழுங்கும். டேங்க் பக்கம் சறுக்கிவிடாதபடி நடுவில் லேசாகப் பள்ளம் விழும். வெயிலில் கிடந்து இளகிய ரெக்ஸினை முட்டி மடக்கி இழுத்து, மூலையில் சுருக்கம் தெரியாமல் டக் டக்கென்று பின் அடிப்பார். வழவழப்பானதைவிடச் சொரசொரப்பான ரெக்ஸின் நல்லது, பிரேக் பிடிக்கையில் ஆள் வழுக்கமாட்டார். மழைத்தண்ணீர் தையல் வழியாகத்தான் உள்ளே இறங்கும். உட்காருமிடத்தில் தையலே விழாமல் வெட்டுகிற கை கிடைத்தால் கூலியில் பேரம் பேசாதீர்கள்.