34 பொட்டலம் வாங்கக் கூடாதா?

சென்ற ஆண்டு ஒரு நடுநிலைப் பள்ளியில் நடந்த கணக்குக் கண்காட்சியைப் பார்க்கப் போயிருந்தேன். ஏழாம் வகுப்பு மாணவர்களின் மேசையில் 'அன்றாட வாழ்வில் சமனிலிகள்' என்ற தலைப்பில் ஒரு பெரிய அட்டை நின்றது. அதைச் சுற்றி ஜிகினாத்தூள். ஓரத்தில் பெரிய எண்ணை நோக்கி வாயைப் பிளக்கும் முதலை. பிறந்த நாளுக்கு அப்பா 500 ரூபாய் தருகிறார். பலூனுக்கும் வண்ணத்தாளுக்கும் 80 ரூபாய். மீதிப் பணத்தில் ஒன்று 12 ரூபாய் வீதம் மிட்டாய்ப் பொட்டலங்கள் வாங்க வேண்டும். எத்தனை வாங்கலாம்? 12x + 80 ≤ 500. எனவே x ≤ 35. அந்த 35ஐச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம்.

விளக்கம் சொன்ன சிறுமி தடுமாறாமல் சொன்னாள். "34 பொட்டலம் வாங்கினால் தப்பாம்மா?" என்று கேட்டேன். அவள் அட்டையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "தப்பு சார், விடை 35" என்றாள்.

அவளைக் குறை கூற இதை எழுதவில்லை. அவளுக்குக் கொடுக்கப்பட்ட செயல்திட்டத்தைப் பற்றியே என் குறை. பாடநூல்கள் சமனிலி என்றும் அசமன்பாடு என்றும் கூறும் இந்தப் பாடத்தின் உயிர்நாடியே, விடை ஓர் எண்ணாக இல்லாமல் எண்களின் கூட்டமாக இருக்கிறது என்பதுதான். 34 சரி, 20 சரி, ஒன்றுமே வாங்காவிட்டாலும் சரி. அட்டையில் இருந்ததோ ஒரு சமன்பாடு. அதன் சமக்குறியை வளைத்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். 420ஐ 12 மிச்சமின்றி வகுக்கும்படி எண்களைப் பொறுக்கி எடுத்தபோதே, '=' என்று போட்டாலும் கணக்கு அப்படியே நடக்கும் என்பது உறுதியாகிவிட்டது. பிறந்த நாள், பலூன், மிட்டாய் எல்லாம் மேலே ஒட்டிய ஜிகினாதான்.

இதே கணக்கைச் சற்றே நேர்மையாகச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். விருந்துக்கு வருகிறவர்கள் 28 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு பொட்டலமாவது வேண்டாமா? அப்போது 28 ≤ x ≤ 35. பொட்டலத்தைப் பாதியாகப் பிரித்து விற்க மாட்டார்கள். ஆகவே 28 முதல் 35 வரை எட்டு விடைகள். எட்டில் எதை எடுப்பது? அதைக் கணக்கு சொல்லாது. அழையாமல் வரும் அடுத்த வீட்டுத் தம்பிக்கு இரண்டு கூடுதலாக வைப்பதா, அப்பாவிடம் மீதியைத் திருப்பிக் கொடுப்பதா என்பதை அந்தச் சிறுமியே முடிவு செய்ய வேண்டும். இந்த இடத்தில்தான் பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் வாதாடுவார்கள். அட்டையில் அந்த இடமே இல்லை.

இன்னொன்றும் விடுபட்டுவிட்டது. எதிர்க்குறி எண்ணால் பெருக்கினால் குறி திரும்பும் என்ற விதியை மாணவர்கள் காரணம் அறியாமலே மனப்பாடம் செய்கிறார்கள். இந்த மிட்டாய்க் கணக்கிலேயே அது ஒளிந்திருக்கிறது. மிட்டாய் வாங்கிய பிறகு பலூனுக்காகக் குறைந்தது 80 ரூபாய் மீதி இருக்க வேண்டும் என்று எழுதிப் பாருங்கள்: 500 − 12x ≥ 80. இரு பக்கமும் 500ஐக் கழித்தால் −12x ≥ −420. இப்போது −12ஆல் வகுத்து, குறியைத் திருப்பாமல் விட்டால் x ≥ 35 என்று வரும். அதாவது நூறு பொட்டலம் வாங்கினாலும் 80 ரூபாய் மிஞ்சுமாம்! நகைப்புக்குரிய இந்த விடையைக் கண்ட பிள்ளைக்கு விதியை யாரும் சொல்ல வேண்டியதில்லை. வாங்க வாங்க மீதி குறைகிறது. ஆகவே குறி திரும்புகிறது. அட்டையைத் தயாரித்தவர்கள் இந்தத் தொல்லை வராத வடிவத்தில் கணக்கை எழுதி, கற்றுத் தரக் கிடைத்த நல்ல வாய்ப்பைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

முதலையைப் பற்றி ஒரு வார்த்தை. <, > என்னும் குறிகள் தாமஸ் ஹாரியட் என்ற ஆங்கிலேயரின் நூலில், அவர் இறந்து பத்து ஆண்டுகள் கழித்து, 1631இல் அச்சேறின. அடியில் கோடிட்ட வடிவம் 1734இல்தான் பியர் பூகர் என்ற பிரெஞ்சு அறிஞரிடம் தோன்றியது. அந்த அடிக்கோட்டுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று! 'குறைந்தது', 'மிகாமல்', 'மேற்பட்ட', 'உட்பட்ட' ஆகிய சொற்களுக்குள் சமம் அடங்குமா, அடங்காதா என்று பிள்ளைகளைக் கேட்டுப் பார்த்தால் அந்தக் கோட்டின் அருமை தெரியும். முதலைக்கு அது தெரியாது.

சரி, வேறு என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். கண்காட்சி நடந்த அறைக்கு இருபதடி தள்ளிச் சத்துணவுக் கூடம் இருந்தது. 6 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைக்கு மதிய உணவில் குறைந்தது 700 கலோரியும் 20 கிராம் புரதமும் இருக்க வேண்டும் என்பது நாடு முழுதுக்குமான விதி. பாருங்கள், விதியே இரண்டு சமனிலிகள்! அதற்காக 150 கிராம் தானியம், 30 கிராம் பருப்பு, 75 கிராம் காய்கறி, 7.5 கிராம் எண்ணெய் என்று அளவும் வகுத்திருக்கிறார்கள். இந்த அளவு அந்த விதியை நிறைவு செய்கிறதா? இதுதான் செயல்திட்டம்.

100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 350 கலோரி, 7 கிராம் புரதம். பாசிப்பயற்றில் ஏறத்தாழ 330 கலோரி, 24 கிராம் புரதம். எண்ணெய் கிராமுக்கு 9 கலோரி. காய்கறிக்கு 20 கலோரியும் 1 கிராம் புரதமும் என்று வைத்துக்கொள்வோம். கலோரியைக் கூட்டினால் 525, 99, 67, 20, மொத்தம் 711. 700ஐத் தாண்டிவிட்டது. புரதமோ 10.5, 7.2, 1, மொத்தம் 18.7. ஒரு கிராமுக்குச் சற்று மேல் குறைகிறது. அரிசிக்குப் பதில் கோதுமையானால் தானியத்திலிருந்தே 17 கிராம் அளவு கிடைத்துவிடும். தமிழ்நாட்டில் தட்டில் விழும் முட்டை ஒன்று 6 கிராம் சேர்த்து எல்லையை எளிதாகக் கடக்க வைக்கிறது. முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் தருகிறார்கள். அதில் புரதம் 1 கிராம் அளவுதான். 19.7 என்பது 20ஐ விடக் குறைவு.

இதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அட்டவணைக்கு அட்டவணை எண்கள் மாறும். கொண்டைக்கடலை போடும் நாளில் கணக்கு வேறாகும். மாணவர்கள் சத்துணவு அமைப்பாளரிடம் போய், இன்று உலையில் என்ன விழுந்தது என்று கேட்டுவர வேண்டும். அப்படிக் கேட்டு வந்த எண்ணை வைத்து, பயறு எவ்வளவு இருந்தால் போதும் என்று அவர்களே எழுதட்டும்: 10.5 + 0.24p + 1 ≥ 20. எனவே p ≥ 35.4. தராசில் முழுக் கிராம்தான் பார்க்க முடியும் என்றால் எத்தனை? 35.4ஐ 35 என்று முழுமையாக்கும் பழக்கம் இங்கே பிழை; 35 போதாது, 36 வேண்டும். பணக் கணக்கிலோ 35.9 வந்தாலும் 35தான் வாங்க முடியும். எந்தப் பக்கம் முழுமையாக்குவது என்பதைப் பின்னம் சொல்வதில்லை. எல்லை மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பதே சொல்கிறது.

ஏழாம் வகுப்புக்கு இது மிகை என்பார் சிலர். தசமப் பெருக்கலும் ஒரே ஒரு மாறியும்தானே இதில் இருக்கின்றன! நாற்பது நிமிட வகுப்பில் முடியாது என்பது உண்மை. நான்கு வகுப்புகள் வேண்டும். ஆசிரியர் ஒன்றில் மட்டும் விழிப்பாக இருக்க வேண்டும். ஒப்பிட வேண்டியது தட்டுகளை, பிள்ளைகளை அன்று. யார் சத்துணவு சாப்பிடுகிறார், யார் வீட்டிலிருந்து கொண்டுவருகிறார் என்ற பேச்சு வகுப்பில் எழுந்தால் கணக்கு அங்கேயே செத்துவிடும்.

பெரியவர்களும் இதே கணக்கோடு மல்லாடியிருக்கிறார்கள். ஓர் ஆளுக்கு ஒன்பது வகைச் சத்துகளும் குறையாமல் கிடைக்க ஆண்டுக்கு மிகக் குறைந்த செலவு என்ன என்று அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1945இல் ஆராய்ந்தார். 77 உணவுப் பொருள்களை எடுத்துக்கொண்டு, 1939ஆம் ஆண்டு விலையில் 39.93 டாலர் என்று கண்டார். கோதுமை மாவு, வற்றிய பால், முட்டைக்கோசு, பசலைக்கீரை, உலர்ந்த அவரைவிதை, இவ்வளவுதான் உணவு! 1947இல் ஜார்ஜ் டான்சிக்கின் புதிய முறையைச் சோதிக்க அதே கணக்கை எடுத்தார்கள். ஒன்பது எழுத்தர்கள் மேசைக் கணக்கிடு கருவிகளோடு அமர்ந்து, மொத்தம் 120 ஆள்-நாள் உழைத்ததில் 39.69 டாலர் என்று விடை வந்தது. ஸ்டிக்லர் கிட்டத்தட்டச் சரியாகவே கண்டிருந்தார்.

பின்னர் டான்சிக் தமக்கே எடை குறைக்கும் உணவுப் பட்டியல் ஒன்றைக் கணிப்பொறியிடம் கேட்டார். நீரை நீக்கிய எடை மிகுதியாக இருந்தால் வயிறு நிறையும் என்பது அவர் கருத்து. வினிகரில் நீரே இல்லை என்று அவருடைய அட்டவணையில் இருந்ததால், நாளொன்றுக்கு 500 காலன் வினிகர் குடிக்கச் சொல்லிற்று இயந்திரம்! வினிகரை நீக்கினார்; அடுத்து நாளைக்கு 200 இறைச்சிச்சாற்றுக் கட்டிகள் என்று வந்தது. சத்துக்கெல்லாம் கீழ் எல்லை எழுதிய மேதை, ஒரு பொருளை மனிதன் எவ்வளவு தின்ன முடியும் என்ற மேல் எல்லையை எழுத மறந்திருந்தார். மிட்டாய் அட்டைக்காரர்கள் மறந்தது கீழ் எல்லையை.

அடுத்த கண்காட்சிக்கும் அந்தப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. அட்டை அதுவாகவே இருந்தாலும் குற்றமில்லை. 35ஐச் சுற்றிய சிவப்பு வட்டத்தை அழித்துவிட்டு, அங்கே ஓர் எண்கோடு வரைந்து வைத்திருந்தால் அந்தச் சிறுமியிடம் மறுபடியும் 34ஐப் பற்றிக் கேட்பேன்.