நேற்றிரவு சர்வரில் நடந்தது என்ன?

லினக்ஸ் சர்வர் இழுக்கிறது என்று புகார் வந்தால் பலரும் முதலில் திறப்பது எச்டாப்பை. 2004-இல் ஹிஷாம் முகம்மது எழுதத் தொடங்கிய கருவி இது. வண்ணப் பட்டைகளைப் பார்த்ததுமே நிலவரம் புரிந்துவிடும். வம்பு செய்யும் புராசஸை அங்கேயே தேர்ந்தெடுத்து நிறுத்தியும் விடலாம். ஆனால் அது காட்டுவது இந்த நொடியை மட்டும்தான். அதிகாலை மூன்று மணிக்குத் தளம் முடங்கியிருந்தால், ஒன்பது மணிக்கு வந்து எச்டாப்பைத் திறப்பவருக்கு ஒரு தடயமும் கிடைக்காது. அதனால், சர்வரைப் பொறுப்பில் வைத்திருப்பவர் முதலில் நிறுவ வேண்டியது, நிலவரத்தைத் தொடர்ந்து பதிந்துவைக்கும் ஏடாப் என்ற கருவி என்பது என் கட்சி.

அழகில் ஏடாப் தோற்றுவிடும். திரை முழுக்க நெருக்கமான எண்கள், பாதி சுருக்கெழுத்து. அதன் பலம் பின்னணியில் ஓடும் பதிவில் இருக்கிறது. இயல்பு அமைப்பிலேயே 600 வினாடிக்கு ஒருமுறை சிபியு, மெமரி, டிஸ்க், நெட்வொர்க், ஓடிய புராசஸ்கள் என எல்லாவற்றையும் நாளுக்கொரு கோப்பாக எழுதி, 28 நாள் வரை வைத்திருக்கிறது. கோப்பைத் திறந்து ஒரே ஒரு சாவியை அழுத்தினால் அடுத்த பதிவு. ஷிஃப்டோடு அழுத்தினால் முந்தையது. நேரத்தைக் கொடுத்து நேரே மூன்று மணிக்கும் தாவலாம். திணறிய வளத்தின் வரி சிவந்திருக்கும். சிபியு சும்மா இருக்க லோடு ஆவரேஜ் மட்டும் எகிறியிருந்தால் டிஸ்க் வரியைப் பாருங்கள்; டிஸ்க்குக்காகக் காத்துக்கிடக்கும் புராசஸ்களையும் லினக்ஸ் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுகிறது.

பத்து நிமிட இடைவெளியில் எவ்வளவோ நடந்து முடிந்துவிடுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கர்னலின் புராசஸ் அக்கவுண்டிங் வசதியை ஏடாப் பயன்படுத்துவதால், இரண்டு பதிவுகளுக்கு நடுவே பிறந்து மடிந்த புராசஸும் கோண அடைப்புக்குள் பெயரோடு வந்து நிற்கும். இருபது வினாடி உச்சம் பத்து நிமிடச் சராசரியில் கரைந்துபோவது மட்டும் உண்மை. இடைவெளியை 60 வினாடியாக்கினால் அது பெரும்பாலும் தீரும். கோப்பு பருக்கும், அவ்வளவுதான். வளப் பயன்பாட்டைப் பதிந்துவைக்கும் எஸ்ஏஆர் என்ற கருவி போதாதா என்பார்கள். அது லேசானது, நீண்டகாலப் போக்கைப் பார்க்க நல்லது. ஆனால் அதன் வழக்கமான பதிவில் மெமரி தீர்ந்தது தெரியும், தீர்த்தது யார் என்பது தெரியாது.

கனமான ஆட்சேபம் பாதுகாப்பு பற்றியது. ரூட் அதிகாரத்தோடு இடைவிடாமல் ஓடும் எதையும் சந்தேகிக்கத்தான் வேண்டும். 2025 மார்ச்சில் 2.11.0 பதிப்பில் ஓட்டை வெளிப்பட்டது: ஜிபியு தகவலுக்காக ஏடாப் தானாகவே ஒரு போர்ட்டைத் தேடிப்போகும், அதே கணினியின் வேறொரு பயனர் அங்கே காத்திருந்து கோணலான தரவை அனுப்பினால் ஏடாப்பைக் கவிழ்க்க முடிந்தது. 2.11.1 முதல், கேட்டாலொழிய அது அந்த இணைப்பைத் தேடுவதில்லை. கட்டளை வரியில் கடவுச்சொல்லை எழுதும் பழக்கம் இருந்தால் அதுவும் பதிவாகும் என்பது இன்னொரு ஆபத்து. இதில் குற்றம் பழக்கத்துடையது என்றாலும், பதிவுக் கோப்பை யார் யார் படிக்கலாம் என்பதைப் பார்த்துவைப்பது நல்லது.

எந்தப் புராசஸ் எவ்வளவு நெட்வொர்க்கைத் தின்றது என்பதற்கு நெட்ஏடாப் என்ற துணைக்கருவி தனியாக வேண்டும். அது ஒரு குறைதான். ஆனாலும் ஒன்றிரண்டு சர்வர்களைக் கவனிப்பவர்கள், மேலே சொன்ன பாதுகாப்புத் திருத்தம் வந்துசேர்ந்த ஏடாப் பதிப்பை நிறுவி, இடைவெளியைக் குறைத்து ஓடவிடுங்கள். சர்வர் முடங்கிய பிறகு நிறுவினால் அதற்கு முந்தைய பதிவு கிடைக்காது.